மற்ற 95 குழிகள் எங்கே? ஸ்டெம் செல் கரு மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியூர் ஆய்வகம் ஒன்றில் கோடைப் பயிற்சி முடித்துத் திரும்பிய மாணவி ஒருத்தி, காலாப்பட்டு பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் கைபேசியை நீட்டினாள். "மேடம், எலிக் கருவையே வளர்த்துட்டோம், பாருங்க!" வெண்டைப் பிஞ்சு மாதிரி ஒரு பக்கமாக நீண்ட செல் கூட்டம், அதன் ஒரு முனையில் மட்டும் பச்சை ஒளி. காஸ்ட்ருலாய்டு, அதாவது உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த கரு மாதிரி. உண்மையிலேயே அழகாக இருந்தது. "96 குழித் தட்டுலதானேம்மா வெச்சீங்க? மத்த 95 எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். மற்றவற்றை யாரும் படமே எடுக்கவில்லையாம்.

இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். காஸ்ட்ருலாய்டு முறையை 2014இல் கேம்பிரிட்ஜில் அல்ஃபோன்சோ மார்ட்டினெஸ் அரியாஸ் குழு வெளியிட்டது. ஒரு குழிக்குச் சுமார் 300 எலி ஸ்டெம் செல்கள் விட்டால் அவை தாமாகவே உருண்டையாகத் திரளும். 48 மணி நேரம் ஆனதும், செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் விண்ட் என்ற சமிக்ஞையைத் தூண்டும் மருந்தை ஒரே ஒரு நாள் கொடுப்பார்கள். 120 மணி நேரத்தில் உருண்டை நீண்டு, முன்பக்கம் பின்பக்கம் என்று அச்சு எழும். ஆனால் எல்லாக் குழியிலும் இப்படி நடக்காது. செல் எண்ணிக்கை கூடினால் இரண்டு முனை முளைக்கலாம், குறைந்தால் நீளாமலே நிற்கலாம். தட்டின் ஓரக் குழிகளில் மீடியா, அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசல், ஆவியாகிவிடும்.

நீண்டவை எத்தனை, இரண்டாகப் பிளந்தவை எத்தனை, உருண்டையாகவே நின்றவை எத்தனை என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எதைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்பதைத் தட்டைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், பார்த்த பிறகு அல்ல. நீளாத உருண்டைகளைக் குப்பையாக நினைக்காதீர்கள். அச்சு எப்போது உடைகிறது என்ற செய்தியே அவற்றில்தான் இருக்கிறது.

அடுத்தது, ஒரே ஓர் அடையாள மரபணுவை வைத்துச் செல்லுக்குப் பெயர் சூட்டுவது. பிராக்கியூரி என்ற மரபணு ஒளிர்ந்தால் உடனே "ஆதிக்கோடு (கருவில் உடலச்சைக் காட்டும் முதல் கோடு) வந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அதே மரபணு, கருவின் முதுகுப்புறம் ஓடும் தண்டான நோட்டோகார்டிலும் வால்மொட்டிலும் வேலை செய்கிறது. காட்டா6 மரபணு தொடக்கக் கருவில் ஒரு திசுவைக் காட்டும், சில நாள் கழித்து இதயத்திலும் தெரியும். சிடிஎக்ஸ்2 மரபணு நஞ்சுக்கொடிக்கு முன்னோடியான ட்ரோபோபிளாஸ்டிலும் உண்டு, பிறகு பின்குடலிலும் உண்டு.

இந்தத் தவறு மாணவர்களோடு நிற்பதில்லை. 2021இல் மனித பிளாஸ்டாய்டுகள், அதாவது ஐந்தாறு நாள் கருவை ஒத்த செல் கோளங்கள், முதன்முதலாக வெளியாயின. ட்ரோபோபிளாஸ்ட் என்று சொல்லப்பட்ட வெளிப்புறச் செல்களில் ஒரு பகுதி பனிக்குடச் சவ்வின் செல்களைப் போல இருக்கிறதே என்று மற்ற குழுக்கள் கேள்வி எழுப்பின. இரண்டு திசுக்களுக்கும் பொதுவான அடையாளங்கள் பல இருப்பதுதான் சிக்கல். கணினியில் ஒப்பிட எடுத்துக்கொண்ட தரவில் பனிக்குடச் செல்லே இல்லையென்றால், கணினி அந்தப் பெயரைச் சொல்லவே சொல்லாது. வஞ்சிரம், சீலா தவிர வேறு மீன் பெயர் தெரியாதவரைக் கடலூர் துறைமுகத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், வருகிற மீனையெல்லாம் அந்த இரண்டில் ஒன்றாகத்தான் சொல்வார். ஒப்பிடும் தரவில் எந்த நாள் கரு, எந்தத் திசுக்கள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்து, செல் இருக்கும் இடத்தையும் கணக்கில் எடுங்கள். சாயம் போடும்போது, அடையாளப் புரதத்தில் ஒட்டும் முதல் எதிர்ப்பொருளைச் சேர்க்காமல், ஒளிரும் சாயம் தாங்கிய இரண்டாவதை மட்டும் போட்ட குழி ஒன்றாவது கட்டாயம் வேண்டும். நேரமில்லை என்று விட்டுவிட்டால் அந்தப் பச்சை ஒளியை நம்ப வழியில்லை.

எலியை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. காஸ்ட்ருலேஷன், அதாவது கருவில் மூன்று செல் அடுக்குகள் பிரிவது, தொடங்கும் கட்டத்தில் எலிக் கருவின் மேற்பட்டை (உடலாகப் போகும் அடுக்கு) கிண்ணம் போல் குழிந்திருக்கும், மனிதரில் தட்டையான வட்டு. எலியில் ஆறரை நாளில் தொடங்கும் காஸ்ட்ருலேஷன், மனிதரில் தொடங்கவே இரண்டு வாரம் ஆகும். எலி ஸ்டெம் செல்லுக்கு லிஃப் என்ற புரதம் ஆதாரம், வழக்கமான மனித ஸ்டெம் செல் எஃப்ஜிஎஃப்2 என்ற வேறொரு புரதத்தை நம்பி வாழும். ஒன்றின் செய்முறையை மற்றதற்குப் பெயர்த்து வைத்தால் பலன் கிடைக்காது.

இனி, செல்லே நலமாக இருக்கிறதா என்ற கேள்வி. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நான் ஆய்வு மாணவி. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்குபேட்டரில் இருந்த கல்ச்சர் முழுவதும் போனது. திரவ நைட்ரஜனுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் உறைய வைத்த குப்பிகள் பிழைத்தன. ஆனால் எல்லாமே பலமுறை பாசேஜ் ஆன (புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றிய) பிறகு உறைய வைத்தவை. குரோமோசோம் பார்த்தபோது சரியில்லை. தொடக்க பாசேஜிலேயே பத்துப் பதினைந்து குப்பிகளை எடுத்து இரண்டு இடங்களில் பிரித்து வைத்திருந்தால் அந்த ஓராண்டு எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

மனித ஸ்டெம் செல்களில் 20ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாக வருவது அடிக்கடி காணும் பிறழ்வு. அந்தச் செல்கள் சாகாமல் நன்றாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். "இந்த பேட்ச் சூப்பரா வளருது" என்று யாராவது மகிழும்போது எனக்குப் பயம்தான் வருகிறது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவும் அப்படித்தான். மீடியா கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினும் அதைத் தொடாது. மாதம் ஒருமுறை பிசிஆர் பார்த்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் ஈரத்துக்கு இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டில் பூஞ்சை ஏறும், அதை வாரந்தோறும் மாற்றுங்கள்.

அனுமதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மனிதப் பன்திறன் (உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய) ஸ்டெம் செல்களில் செய்யும் ஆய்வு, அந்தந்த நிறுவனத்தின் ஸ்டெம் செல் குழு வழியாகப் போக வேண்டும். மனிதக் கருவை 14 நாளுக்கு மேலோ ஆதிக்கோடு தோன்றிய பிறகோ வளர்க்கக் கூடாது. கரு மாதிரிகளைக் கருப்பையில் வைப்பதை உலக ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கத்தின் விதிகளும் தடுக்கின்றன.

சொற்களிலும் கவனம் வேண்டும். சீனாவில் குரங்கு பிளாஸ்டாய்டுகளைப் பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. சில குரங்குகளில் கர்ப்ப அறிகுறிகள் தென்பட்டன, ஆனால் கர்ப்பம் நிலைக்கவில்லை. எனவே "கரு மாதிரி" என்றே சொல்லுங்கள். "செயற்கைக் குழந்தை" என்று செய்தி போனால் அது எங்கள் வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி, "கருவையே செய்றாங்களாமே, முட்டிவலிக்கு அந்த ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கலாமாடி?" என்று கேட்டார். ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை நிலைபெற்ற ஒன்று, முட்டிவலிக்கு அப்படி எதுவும் இல்லை, சோதனை என்று சொன்னால் சிடிஆர்ஐ (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்க சித்தி, சோதனைக்குக் காசு கேட்டா எழுந்து வந்துடுங்க என்றேன். எண்ணைக் கேட்பது எப்படி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.