நோஸ்கிரிப்ட்: ஃபயர்பாக்ஸில் சேர்த்த பட்டியலோடு க்ரோமுக்கு மாறுவது எப்படி?

நோஸ்கிரிப்ட் என்பது நீங்கள் அனுமதிக்காத தளங்களின் ஸ்கிரிப்ட்கள் பிரவுசரில் ஓடாமல் தடுக்கும் எக்ஸ்டென்ஷன். க்ரோமுக்கு மாறுகிறவர்கள் பலர் அதை மட்டும் நிறுவிவிட்டு, எந்தத் தளத்துக்கு அனுமதி, எதற்குத் தடை என்று முதலிலிருந்து சொடுக்க ஆரம்பிக்கிறார்கள். தேவையே இல்லை. ஃபயர்பாக்ஸில் நீங்கள் சேர்த்த பட்டியல் முழுவதும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பாக வெளியே வந்துவிடும். ஃபயர்பாக்ஸின் சிங்க் வசதி க்ரோம் வரை எட்டாது என்பதால் இந்தக் கோப்புதான் ஒரே வழி.

1. ஃபயர்பாக்ஸில் ஏற்றுமதி

நோஸ்கிரிப்ட்டின் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்துங்கள். கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும். 'டெம்ப். டிரஸ்டட்' என்று தற்காலிகமாக அனுமதித்த தளங்கள் இதில் வராது. அவற்றில் எது நிரந்தரமாக வேண்டுமோ, அதை முன்கூட்டியே 'டிரஸ்டட்' ஆக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

கோப்பை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஜேசன் வடிவம், அதாவது நிரல்கள் படிப்பதற்காகக் கட்டமைத்த டெக்ஸ்ட். சில தளப் பெயர்களுக்கு முன்னால் § என்ற குறியும் முக்காற்புள்ளியும் இருக்கும். 'எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாக வந்தால் மட்டும் அனுமதி' என்று பொருள். பழைய குப்பைத் தளங்களைக் கழிக்க ஆசை வரும்; இங்கே கை வைக்காதீர்கள். ஒரு காற்புள்ளி தவறினாலும் கோப்பைப் படிக்க முடியாமல் போகும். கழிப்பதை க்ரோமில் ஏற்றிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2. க்ரோமில் நிறுவுதல்

நோஸ்கிரிப்ட் க்ரோமுக்கு வந்தது 2019-ல். ஸ்டோரில் பெயரைத் தட்டித் தேடுவதைவிட, நோஸ்கிரிப்ட் டாட் நெட் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகப் போவது நல்லது. ஒரே மாதிரிப் பெயர் வைத்த வேறு எக்ஸ்டென்ஷன்களில் மாட்டமாட்டீர்கள். எழுதியவர் ஜியோர்ஜியோ மயோனே. நிறுவியதும் புதிர்த்துண்டுச் சின்னத்தைச் சொடுக்கி, நோஸ்கிரிப்ட்டின் ஐகான் எப்போதும் மேலே தெரியும்படி 'பின்' செய்யுங்கள். ஐகான் கண்ணில் படாவிட்டால் இந்த எக்ஸ்டென்ஷனால் பயனில்லை.

3. இறக்குமதி

வேறு எதையும் தொடுமுன் ஆப்ஷன்ஸில் 'இம்போர்ட்' கொடுத்து அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். வரிசை முக்கியம்: இறக்குமதி ஏற்கெனவே இருக்கும் பட்டியலோடு சேராது, அதை மாற்றிவிடும். முதலில் அரை மணி நேரம் தளங்களை அனுமதித்துவிட்டு அப்புறம் இறக்கினால், அந்த அரை மணி நேரம் போச்சு. முடிந்ததும் 'பெர்-சைட் பெர்மிஷன்ஸ்' பகுதியில் உங்கள் தளங்கள் தெரிகின்றனவா பாருங்கள். திறந்திருக்கும் டேப்களை ரீலோட் செய்யுங்கள்.

எங்கே இடிக்கும்?

வீட்டு ரௌட்டரின் பக்கம் வெறுமையாக நின்றால், அது சாதாரண எச்டிடிபியில் ஓடுகிறது, பட்டியலிலோ § போட்ட அனுமதிதான் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நோஸ்கிரிப்ட் சாளரத்தில் அந்த முகவரிக்கு அருகில் உள்ள பூட்டுச் சின்னத்தைச் சொடுக்கினால் பச்சை சிவப்பாகும். பக்கம் வேலை செய்யும். வெளி இணையதளங்களுக்கு இதைச் செய்யாதீர்கள்.

லாகின் பக்கத்தில் 'நான் ரோபோ அல்ல' பெட்டியே காணவில்லையா? ரீகேப்ட்சாவுக்கு கூகுள் டாட் காம், ஜிஸ்டாட்டிக் டாட் காம் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் அனுமதித்தால் பெட்டி வராது. நோஸ்கிரிப்ட் ஐகானைச் சொடுக்கினால் வரும் பட்டியலில் கூகுள்-அனலிடிக்ஸும் தெரியலாம். அதைச் சீண்ட வேண்டாம், பக்கம் அது இல்லாமலே ஓடும்.

பணம் செலுத்தும் பக்கத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். அனுமதியை மாற்றி நோஸ்கிரிப்ட் சாளரத்தை மூடியதும் பக்கம் ரீலோட் ஆகும். ஓடிபி கட்டத்தில் இது நடந்தால் பரிவர்த்தனை பாதியில் அறுந்துபோகலாம். கடைத் தளத்தோடு, பணம் வாங்கும் கேட்வே, உங்கள் வங்கி இரண்டையும் 'பே' பொத்தானை அழுத்துமுன் அனுமதித்துவிடுங்கள். எவை என்று தெரியாவிட்டால் 'டிஸேபிள் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் ஃபார் திஸ் டேப்' கொடுத்துப் பணம் கட்டிவிட்டு, அந்த டேப்பை மூடிவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸில் இருந்த எக்ஸ்எஸ்எஸ் வடிகட்டியை (ஒரு தளத்துக்குள் வேறொருவர் தீய ஸ்கிரிப்ட்டை நுழைப்பதைத் தடுப்பது) க்ரோமில் தேடாதீர்கள். ஒரு கோரிக்கையை நிறுத்திவைத்து, ஆராய்ந்து, பிறகு முடிவுசொல்ல ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷனுக்கு அவகாசம் தருகிறது; க்ரோம் தருவதில்லை. அதனால் 2019-ல் வந்தபோதே அது விடுபட்டுப்போனது.

இன்னொன்று: இன்காக்னிட்டோ சாளரத்தில் நோஸ்கிரிப்ட் தானாக ஓடாது. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் 'டீட்டெய்ல்ஸ்' திறந்து 'அலௌ இன் இன்காக்னிட்டோ'வை ஆன் செய்யுங்கள்.