ரமலான் நோன்பும் உடல் பருமனும்: பகலில் சேர்த்ததை மாலையில் கெடுக்காதீர்கள்

எடை கூடியவர்களுக்கு ரமலான் மாதத்தில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. இந்த முறை நோன்போடு உடம்பையும் சரி பண்ணிவிடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தண்ணீர் குடியுங்கள், சஹரை (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டை) விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைத் தாண்டிப் போகிறேன்.

நோன்பு திறக்கும் முதல் அரை மணி நேரம்

சர்க்கரைப் பானமும் எண்ணெய்ப் பலகாரமுமாக நோன்பு திறப்பது, பல வருடமாகச் சொல்லியும் மாறாத தவறு. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

பருமனான உடலில் கொழுப்புத் திசு ஃப்ரீ ராடிக்கல்களை (செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை) அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. உடலின் தற்காப்பால் சமாளிக்க முடியாமல் போகும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இரத்தக் குழாய்களையும் இன்சுலின் வேலையையும் அது கெடுக்கும். நோன்பு இந்தத் தற்காப்புக்குக் கை கொடுக்கக் கூடியது. ஷார்ஜா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடியவர்களிடம் எஸ்ஓடி2, என்ஆர்எஃப்2 என்ற தற்காப்பு மரபணுக்களின் வெளிப்பாடு ரமலான் முடிவில் உயர்ந்திருந்தது.

இப்போது மாலைக்கு வாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த ஆரோக்கியமானவர்களிடமே, அடுத்த 2 மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் ஃப்ரீ ராடிக்கல்களை அதிகமாக உண்டாக்கியதை அமெரிக்காவின் பஃபலோ ஆய்வாளர்கள் 2000இல் காட்டினார்கள்.

"பகல் முழுக்கப் பச்சத்தண்ணி படலையேம்மா, ஏன் சுகர் குறையல?" என்று ஒரு பெண்மணி கேட்டார். என்ன வைத்து நோன்பு திறக்கிறீர்கள் என்று கேட்டேன். பேரீச்சம்பழம், பெரிய டம்ளரில் ரோஸ்மில்க், நன்னாரி சர்பத், சமோசா, வடை, அப்புறம் கஞ்சி. பொரிக்கும் எண்ணெயும் முதல் நோன்பிலிருந்து அதேதான். குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வாராம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு ஏற்கெனவே ஆக்சிஜனேறிப் போயிருக்கும். பாவம், பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்த உடம்புக்கு முதலில் போய்ச் சேர்வது அதுதான்.

கஞ்சியைக் குறை சொல்லவே மாட்டேன். பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்ந்த நல்ல உணவு. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. மஃரிப் (அந்தி நேரத் தொழுகை) தொழுதுவிட்டு வந்து சாப்பாடு. இந்த வரிசையில் போனால் சமோசாவை யாரும் தேடுவதில்லை.

சுகர் மாத்திரையை நீங்களே மாற்றுவது

வேண்டவே வேண்டாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

வைட்டமின் மாத்திரைகளை அள்ளிப் போடுவது

கொய்யா, நெல்லிக்காய் போதும்.

நேரம் பார்க்காமல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பது

ரமலானுக்கு முன் காலையில் எடுத்த ரிப்போர்ட்டை, நோன்பு நாளில் மாலை எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். மாலையில் உடலில் நீர் வற்றியிருக்கும். சில அளவுகள் கூடுதலாகத் தெரியும்.

பெருநாளோடு நிறுத்திவிடுவது

பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் குறைந்த எடை சில வாரங்களில் திரும்பிவிடும். ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் ஆறு நோன்பு வைப்பவர்கள் அதையும் இதே கஞ்சி வரிசையில் திறக்கலாம்.