ரயில் காரிடாரில் ஜியோகேச்சிங்: டப்பாவும் கிடைக்கணும், பறவையும் கலையக் கூடாது

யாரோ ஒருவர் ஒரு டப்பாவை (இதுதான் ‘கேச்’) ஒளித்து வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போடுவார். ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும். ஜியோகேச்சிங் அவ்வளவுதான். இதைப் பழக சிங்கப்பூரின் ரயில் காரிடார் அருமையான இடம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு மலாயா ரயில் ஓட்டம் நின்ற தடம் இது. தண்டவாளத்தை எடுத்த பிறகு சுமார் 24 கி.மீ. பசுமைப் பாதையாகிவிட்டது. முதல் நடைக்கு பழைய புக்கித் தீமா ரயில் நிலையத்திலிருந்து ஹில்வியூ சாலை வரையிலான 4 கி.மீ. போதும். நிலையத்துக்கு கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

1. வீட்டிலேயே செய்யவேண்டியது

ஜியோகேச்சிங் செயலியில் ஒவ்வொரு டப்பாவுக்கும் D, T என்று இரண்டு எண்கள் இருக்கும். D தேடுவதன் கடினம், T போய்ச் சேரும் வழியின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. தொடக்கத்தில் இரண்டும் 2-ஐத் தாண்டாதவற்றையே எடுங்கள். டப்பாவின் அளவும் பாருங்கள்: ‘ஸ்மால்’ என்றால் 100 மி.லி. முதல் 1 லிட்டர் வரை. ‘மைக்ரோ’ அதைவிடச் சிறியது, விரல்நுனி அளவு நேனோவும் அதில் அடக்கம். கடைசியாகக் கண்டெடுத்த தேதி பல மாதம் பழசு என்றால் டப்பா காணாமல் போயிருக்கலாம், விட்டுவிடுங்கள்.

ஆயத்தொலைவைக் கையால் அடிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். N 01° 20.250′ என்பது பாகையும் நிமிடமும். நிமிடத்தை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால்தான் 1.3375° வரும். அப்படியே 1.20250 என்று அடித்தால் ஏறத்தாழ 15 கி.மீ. தெற்கே தள்ளிப் போய்விடுவீர்கள்.

2. பையில்

பேனா, சாமணம் (நேனோ சீட்டை இழுக்க இதுதான் கைகொடுக்கும்), ஒரு பல்குத்தி, 1 லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, பவர் பேங்க், 8×42 பைனாகுலர்.

3. நேரம்

காலை 7 முதல் 9 வரை. சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும், பறவைகள் மும்முரமாக இருப்பதும் அப்போதுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் வலசை வந்த நீலவால் பஞ்சுருட்டானையும் பார்க்கலாம். உயரமான அல்பீசியா மரங்களின் உச்சியை விடாமல் கவனியுங்கள். இருவாச்சி வந்து உட்காரும்.

4. கடைசி 20 மீட்டர்

இங்கேதான் அவசரம் கூடாது. 20 மீட்டர் இருக்கும்போதே நின்று, இரண்டு நிமிடம் சும்மா கேளுங்கள். குண்டுக்கரிச்சான் வாலைத் தூக்கிக்கொண்டு ‘க்ர்ர்ஷ்’ என்று கரகரத்தால் அது பாட்டல்ல, உங்களை விரட்டுகிறது. பக்கத்தில் கூடோ குஞ்சோ இருக்கலாம். அன்றைக்கு அந்தக் கேச் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அமைதியாக இருந்தால் மேலே போங்கள். மரக்கூட்டத்தின் கீழ் சிக்னல் இலைகளில் பட்டுத் தெறிப்பதால் 10 மீட்டர் வரை பிசகும். அம்புக்குறியின் பின்னால் சுற்றிச் சுற்றி ஓடாதீர்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, ‘நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்’ என்று பாருங்கள். இரும்புப் பாலங்களின் அருகே போனின் திசைகாட்டி தாறுமாறாகும். நாலடி நடந்து, தூரம் குறைகிறதா கூடுகிறதா என்பதை மட்டும் நம்புங்கள். பாலத்தில் ஏறவேண்டாம்.

மண்சரிவிலும் மரத்திலும் உள்ள பொந்துக்குள் கை விடவே கூடாது. வெண்மார்பு மீன்கொத்தி மண்சரிவைக் குடைந்துதான் முட்டையிடும். வளை வாசலின் கீழே வெள்ளை எச்சக் கோடும், அடித்தரையில் கால் உரசிய இரட்டைப் பள்ளமும் தெரிந்தால் பறவை குடியிருக்கிறது என்று அர்த்தம். பாம்பும் இருக்கலாம். கேச்சை மண் தோண்டிப் புதைக்க பொதுவாக விதியே இடம் தருவதில்லை, ஆகவே நீங்களும் தோண்டவேண்டாம்.

5. திறந்து மூடுதல்

நேனோவின் சீட்டைப் பல்குத்தியில் இறுக்கிச் சுற்றி உள்ளே விடுங்கள். தளர்வாகச் சுற்றினால் மூடி முழுசாகத் திருகாது. ஒரே மழையில் சீட்டு கூழாகிவிடும். பெரிய டப்பாவில் மூடியின் மரையில் ஒட்டிய மணலைத் துடைத்த பிறகே மூடுங்கள். பொருள் எடுத்தால் சமமதிப்புள்ளதை வையுங்கள், தின்பண்டம் மட்டும் வேண்டாம்: குரங்கு டப்பாவையே உடைத்துவிடும். குரங்குக்கோ பறவைக்கோ தீனி போடுவது இங்கே குற்றம், முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்.

6. பதிவு

கிடைக்கவில்லை என்றாலும் ‘கிடைக்கவில்லை’ என்றே பதியுங்கள். டப்பாவை வைத்த உரிமையாளர் வந்து பார்ப்பது அதை வைத்துத்தான். கூடு கண்டிருந்தால் இடத்தையோ படத்தையோ பொதுப் பதிவில் போடாதீர்கள், கூட்டம் கூடிவிடும். உரிமையாளருக்குத் தனிச்செய்தி அனுப்பினால் குஞ்சுகள் பறக்கும் வரை கேச்சைத் தற்காலிகமாக முடக்கி வைப்பார்.