பேர் அதேதான், வயசை ஒருக்கா பாருங்கோ

அக்காட மகனுக்கு 9 வயசு, வெள்ளவத்தையில எங்களுக்கு மேல் மாடி, போன லீவு முழுக்க "மாமா ஃபைனல் ஃபேன்டஸி 16 வாங்கித் தாங்கோ" எண்டு ஒரே அரியண்டம். அவன் அந்த வீடியோ கேம் சீரிஸ்ல கண்டது சொக்கோபோ எண்ட மஞ்சள் பறவையை மட்டும்தான், நானும் இது சின்னாக்களுக்கு எண்டு நினைச்சு கடைக்குப் போயிட்டன், காசை நீட்டுற நேரம்தான் கவரைப் பார்த்தன், 18 எண்டு கிடக்கு!

1987ல தொடங்கின சீரிஸ், 2023ல வந்த 16ஆவதுதான் நம்பர் போட்ட மெயின் கேம்களுக்குள்ள அமெரிக்காவில முதல்முதலா எம், அதாவது 17 வயசுக்கு மேல எண்ட ரேட்டிங், வாங்கினது. தொடக்கத்திலயே தகப்பன்ட தலையை மகனுக்கு முன்னால வெட்டுற சீன். அதால பேரை நம்பாதேங்கோ, பார்ட்டைப் பாருங்கோ.

ஐரோப்பா கவர் எண்டா பெகி எண்ட வயசு ரேட்டிங் நம்பர், 3, 7, 12, 16, 18. பின்னால முஷ்டி படம் இருந்தா வன்முறை. அமெரிக்கா கவர் எண்டா எழுத்து, ஈ எல்லாருக்கும், ஈ10+, டீ எண்டா 13, எம் எண்டா 17. ரெண்டும் ஒத்து வராது, செல்டா எண்ட இன்னொரு சீரிஸ்ல வந்த ப்ரெத் ஆஃப் த வைல்டுக்கு (2017) அமெரிக்காவில ஈ10+, ஐரோப்பாவில 12, அதைக் கண்டு பதறத் தேவையில்ல.

நம்பர் மட்டும் காணாது. ட்ரெய்லரை விட்டிட்டு யூடியூப்ல ஆரும் விளையாடுற வீடியோவை அரை மணித்தியாலம் பாருங்கோ, அடி விழேக்க என்ன நடக்குது எண்டு பாருங்கோ, எதிரி புகையா மறையுறானா, ரத்தம் தெறிக்குதா, சாகிறவனைக் கமெரா எவ்வளவு நேரம் காட்டுது.

சீரிஸ் இருட்டாகலாமா எண்டு கேட்டா நான் ஆகலாம் எண்டுதான் சொல்லுவன், ஆனா இருட்டு வேற, ரத்தம் வேற. 2000ல வந்த மஜோராஸ் மாஸ்க் எண்ட செல்டா கேமில 3 நாளில நிலா ஊருக்கு மேல விழப்போகுது, ஊர்ச் சனம் ஒவ்வொருத்தரும் அதுக்கு என்ன செய்யினம் எண்டதுதான் கதை, பெரியாக்களுக்கே நெஞ்சு கனக்கும், ஆனா ரேட்டிங் ஈ. 2006 ட்வைலைட் பிரின்சஸ் செல்டாவில முதல் டீ, அதுக்குப் பிறகு சீரிஸ் ஒண்டும் எம் வரைக்கும் ஓடிப் போகேல்ல. பயத்தைப் பிள்ளை தாங்கும், பக்கத்தில நீங்க இருந்தா. தலை வெட்டுறதை 9 வயசுக்காரன் ஏன் பார்க்கோணும், எனக்கு இன்னும் விளங்கேல்ல.

பிறகு கன்சோல், கேம் விளையாடுற மெஷின். பிஎஸ்5ல பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் திறந்து ஃபமிலி செட்டிங்ஸ்ல வயசைப் போட்டு விடுங்கோ, நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு ஃபோன்லயே ஒரு ஆப் இருக்கு. பாஸ்வேர்டா பிறந்தநாளைப் போடாதேங்கோ, அக்கா போட்டவ, அவன் அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டான்.

டவுன்லோட் பண்ணி வாங்கினா கைமாத்த ஏலாது, அதால சந்தேகம் எண்டா டிஸ்க்காவோ, ஸ்விட்ச் எண்டா கார்ட்ரிட்ஜாவோ வாங்குங்கோ. கடைசியா மருமகனுக்கு செல்டாவில டியர்ஸ் ஆஃப் த கிங்டம் வாங்கிக் குடுத்தன், இப்ப அவனுக்கு அதில வாற சிவப்புக் கைகளுக்குப் பயம், அது வந்தா கீழ என்னட்டத்தான் ஓடி வாறான்.