முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் சிறிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு விடாமல் காற்று ஊதுகிறார்கள். சிங்க்கில் ஊற்றும் எண்ணெய் அங்கே அதிகம் சேர்ந்தால் அந்த வேலை கெடும். சுத்தமாகாத நீர் கோம்பாக் ஆற்றில் இறங்கி, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு கலக்கும்.

போன தீபாவளிக்கு எண்ணெயை சிங்க்கில் ஊற்றினேன். மறுநாள் குழாய் அடைத்து, கீழ்வீட்டு அக்கா வீட்டில் கழிவு பொங்கியது. இன்னும் மனசு உறுத்துகிறது.

இப்போது எண்ணெயை நன்றாக ஆறவிட்டு, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அப்புறம், வாணலியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடையுங்கள், அடியோரம் வரைக்கும். பேப்பர் குப்பைக்கு.