மா ஒட்டு பிடிக்க ஒரு ஓரத்தையாவது சரியாகச் சேருங்கள்

சந்தூர் பக்கம் நர்சரிகளில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, கிருஷ்ணகிரியில் பலரும் வீட்டிலேயே மாங்கன்றில் முயற்சி செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கன்றில் ஒட்டிய நல்ல ரகத்துக் குச்சி காய்ந்துபோனால் உடனே ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். முதலில் வெட்டுவாயைப் பாருங்கள்.

தண்டு என்பது ஒரு உறுப்பு. அதற்குள் பல திசுக்கள் அடுக்காக இருக்கின்றன. வெளியே பட்டை, அதன் உட்பக்கம் இலை தயாரித்த உணவைக் கொண்டுபோகும் புளோயம், நடுவில் கட்டையாக இருப்பது தண்ணீரை மேலேற்றும் சைலம். புளோயத்துக்கும் சைலத்துக்கும் இடையே மெல்லிய ஈரப்படலமாக கேம்பியம் இருக்கிறது. அதன் செல்கள் பிரிந்து பெருகித்தான் இரண்டு தண்டுகளுக்கும் புதிய குழாய்த் தொடர்பு உருவாகிறது. வழக்கமான முறையில் தென்னையிலோ வாழையிலோ ஒட்டுக் கட்ட முடியாததற்குக் காரணமும், அவற்றில் இந்தப் படலம் இல்லாததுதான்.

ஆகவே, ஆப்பு போலச் சீவிய குச்சி, அதைச் செருகும் வேர்க்கன்றைவிட (வேரோடு கீழே இருக்கும் கன்று) மெலிதாக இருந்தால் நடுவில் செருகாதீர்கள். ஒரு ஓரமாகத் தள்ளி, அந்தப் பக்கமாவது கேம்பியமும் கேம்பியமும் தொடும்படி வைத்து, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். கத்தி கூராக இருக்கட்டும். நசுங்கிய செல் பிரியாது.

குச்சியில் இலை வேண்டாம். தொடர்பு உருவாகும் முன்பே இலைத்துளைகள் வழியாக ஈரம் போய்விடும். அப்புறம், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை எல்லாம் அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.