சர்க்கரைவள்ளில கூன்வண்டு: தண்ணிலயும் ரகத்துலயும் நாம பண்ற தப்பு

வெளிய பாத்தா கிழங்கு நல்லாத்தான் இருக்கும், வெட்டுனா உள்ள கருப்பு கருப்பா ஓட்டை, வேகவச்சா ஒரே கசப்பு. இது கூன்வண்டோட வேலை. அதோட புழு குடைஞ்சதும் கிழங்கு தன்னைக் காப்பாத்திக்க ஒரு கசப்புப் பொருள சுரக்கும், அதனால லேசா குடைஞ்ச கிழங்கு கூட திங்க ஆகாது, மாட்டுக்கும் போடாதீங்க.

எல்லாரும் என்ன மருந்து அடிக்கலாம்னு தான் கேக்குறாங்க, ஆனா புழு இருக்கறது கிழங்குக்குள்ள, மேல அடிக்கிற மருந்து அங்க எப்படி போகும்? முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்த வண்டுக்கு மண்ணத் தோண்டி ஆழமா இறங்கத் தெரியாது. மண்ணு வெடிச்சாதான் அந்த வெடிப்பு வழியா இறங்கி கிழங்குல முட்டை வைக்கும். அந்த வெடிப்ப உண்டாக்குறதே நாமதான்.

கொடி நல்லா படந்துடுச்சு, இனி தண்ணி எதுக்குன்னு ரெண்டாவது மாசத்துக்கு மேல பாய்ச்சல விட்டுடுறோம். கிழங்கு பருக்குறதே அப்பதான், உள்ள இருந்து கிழங்கு தள்ளுது, மேல மண்ணு காயுது, கொடி நட்ட மண்மேடு (பார்) அப்படியே பிளந்துடும். கோடைப் பட்டத்துல சேதம் அதிகமா இருக்கறதுக்கு இதான் முக்கிய காரணம். வாரம் ஒரு தண்ணியாவது விடுங்க, நட்டு ஒரு மாசம் ஆனதும் ஒரு தடவ, ரெண்டு மாசம் ஆனதும் ஒரு தடவ மண்ண அணைச்சு வெடிப்ப மூடுங்க. அதுக்காக தேங்க விடாதீங்க, கிழங்கு அழுகிடும்.

ரகத்துக்கு வருவோம். வண்டே தொடாத ரகம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அப்படி ஒண்ணு இதுவரைக்கும் இல்ல. தப்பிக்கிற ரகம் தான் இருக்கு. கிழங்கு மண்ணுக்கு மேல எட்டிப் பாக்காம, காம்பு நீளமா, ஆழத்துல பிடிக்கிற ரகமா எடுங்க, இல்லன்னா சீக்கிரம் விளையுறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தோட ஸ்ரீபத்ரா கிட்டத்தட்ட 90 நாள்லயே வந்துடும். ஆனா விலை ஏறட்டும்னு விளைஞ்ச கிழங்க இன்னும் ஒரு மாசம் மண்ணுலயே வச்சிருந்தா எந்த ரகமா இருந்தாலும் வண்டுக்கு விருந்துதான், அதுக்குள்ள அடுத்த தலைமுறையே வந்துடும்.

இன்னொண்ணு, பழைய வயல்ல அடிக்கொடிய வெட்டி நடாதீங்க, முட்டை அங்கதான் இருக்கும், நுனிக்கொடி மட்டும் எடுங்க. பெண் வண்டு வாசனைய வச்சு இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம் தான், அதுல ஆண் வண்டு மட்டுந்தான் விழும், அதனால அத வச்சுட்டோம்னு தண்ணிய மறந்துடாதீங்க. அறுவடை முடிஞ்சதும் குத்துன கிழங்கையும் காஞ்ச கொடியையும் வரப்புல குவிக்காம அன்னிக்கே எரிச்சுடுங்க.